அடக்க விலை

ஏழாவது தீக்குச்சியும் ஞானப்பழம் அண்ணாச்சியின் விரல்நுனி வரை எரிந்து அணைந்தது. மெழுகுவர்த்தியின் திரி கருகாமல், புகையாமல், அச்சிலிருந்து எடுத்தபோது இருந்த வெள்ளை மாறாமல் நின்றது. அவர் குச்சியைத் தரையில் போட்டுச் செருப்பால் தேய்த்தார்.

“விலையக் குறைச்சுக் கேட்டேன், சரி. அதுக்காகத் திரியத் தண்ணியில முக்கியா குடுப்பீங்க?”

சூசையம்மாள் அதை வாங்கித் திரியை நகத்தால் கீறிப் பார்த்தாள். காய்ந்த நூல்தான். பதினோரு வருஷமாக வாங்கும் அதே நூல், அதே மெழுகுக் கட்டி, அதே அச்சு. சந்தியாகப்பர் கோயில் வாசலில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி டஜன் முப்பத்தாறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டிருந்தார், இந்த முறை திருவிழாச் சரக்கு என்று சொல்லி முப்பத்து நாலுக்கு இறக்கியிருந்தார், இறக்கி எடுத்துப்போன நாற்பது டஜனும் இப்போது அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் அட்டைப்பெட்டியில் திரும்பி வந்திருந்தது.

அவளோடு அந்தக் கொட்டகையில் மெழுகு வார்க்கும் காளியம்மாள் அண்ணாச்சியின் தீப்பெட்டியையே வாங்கி அடுப்பைப் பற்றவைத்தாள். பக்கென்று பற்றியது.

“நெருப்பு நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “குறைச்ச ரெண்டு ரூபாயக் குடுத்துப் பாருங்க அண்ணாச்சி. கோவத்துல இருக்கும்.”

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். அண்ணாச்சி வீம்புக்காரர். ஒரு டஜன் கட்டைப் பிரித்துப் பலகையில் வைத்து, பக்கத்தில் முப்பத்தாறு ரூபாயை வைத்துக் குச்சியை உரசினார். பற்றவில்லை. நாற்பது வைத்தார். நாற்பத்தைந்து வைத்தார். அதன்பிறகு ஒவ்வொரு ரூபாய்க் காசாக வைத்து ஒவ்வொரு குச்சியாக உரசிக்கொண்டே போனார். மகளிர் குழுவின் மூன்று பெண்களும் சுற்றி நின்றார்கள். ஐம்பத்திரண்டாவது ரூபாயைப் பலகையில் வைத்துவிட்டு அவர் குச்சியைக் கொண்டுபோனபோது, திரி, வெகு நேரமாக அதற்கென்றே காத்திருந்ததுபோல, சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அந்த டஜனின் பன்னிரண்டும் எரிந்தன. பெட்டியிலிருந்த மற்றவை எரியவில்லை.

 வியாபாரி என்பதால் அண்ணாச்சிக்குத்தான் முதலில் விளங்கியது. “ஐம்பத்திரண்டா,” என்றார். “சரி. ஐம்பத்திரண்டுன்னு முதல்லயே சொல்லியிருந்தா ஒரு தீப்பெட்டி மிச்சமாயிருக்கும்.”

அவர் போனபின் பிலோமினா குழு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சூசையம்மாளின் நாத்தனார், குழுவின் செயலாளர், கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு உள்ளவள். மெழுகு முப்பத்தொரு ரூபாய் இருபது காசு, நூல் ஒன்று எண்பது, கேஸ் ஒன்றரை, சுற்றுகிற காகிதமும் சணலும் அரை ரூபாய், ஆக முப்பத்தைந்து. முப்பத்தாறுக்கு விற்றால் ஒரு ரூபாய் லாபம். பதினோரு வருஷமாக நோட்டு அப்படித்தான் சொல்லிவந்தது.

“மெழுகு ஒழுகி வீணாப் போறது?” என்று சூசையம்மாள் கேட்டாள்.

பிலோமினா எழுபது காசு எழுதினாள். கொட்டகை வாடகை ஒன்றரை எழுதினாள். அடி ஓட்டையாகி வருஷத்துக்கு ஒன்று மாற்றும் அலுமினியச் சட்டிக்கு முப்பது காசு எழுதினாள். முப்பத்தேழரை வந்தது. அதற்குமேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

“நம்ம கூலி மைனி,” என்றாள் சூசையம்மாள்.

“நமக்கு நாமளே எதுக்குளா கூலி குடுக்கணும்?”

கேட்டுவிட்டு பிலோமினா பேனாவை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்துத் தோட்டத்தில் களையெடுக்கப் போனால் இருநூற்றைம்பது. ஒருத்தி ஒரு நாளைக்கு இருபது டஜன் வார்க்கிறாள். டஜனுக்குப் பன்னிரண்டரை. எழுதிக் கூட்டினாள். ஐம்பது.

மீதி இரண்டு ரூபாயை அவர்கள் மூன்று நாள் தேடினார்கள். தீப்புண்ணுக்குப் போடும் மருந்தா என்று பார்த்தார்கள், வங்கிக்குப் போகும் பஸ் டிக்கெட்டா என்று பார்த்தார்கள், அதெல்லாம் காசுக் கணக்கில் நின்றது. நாலாம் நாள் காளியம்மாள் அச்சுகளைக் குளிரவைக்கும் தொட்டியில் குடத்தைக் கவிழ்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள். தண்ணீர். ஊருணிக் குழாயிலிருந்து நாளைக்குப் பதினாறு குடம், பதினோரு வருஷம், அதை யாரும் எதிலும் எழுதியதே இல்லை, காளியம்மாளும் கேட்டதில்லை.

“மெழுகுதிரிக்கு இருக்குற ரோசம் நமக்கு இல்லாமப் போச்சு,” என்றாள் காளியம்மாள். தண்ணீருக்கு இரண்டு ரூபாய் எழுதப்படுவதைக் குனிந்து நின்று பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஊர் அதற்கு வெகு சீக்கிரத்தில் பழகிக்கொண்டது. பேரம் பேசுகிறவர்கள் பேசிப் பார்த்தார்கள், பேசி வாங்கிப்போன மெழுகுவர்த்தியைக் கோயிலில் வரிசையில் நின்று ஏற்றமுடியாமல் பின்னால் நின்றவர்கள் பார்க்கத் திரும்பி வந்து மீதிக் காசைக் கொடுத்தார்கள், கொடுத்தபின் தானாகவே பற்றிவிடுமோ என்று கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாய்க்கடை முதலாளி ஒருவர் நூறு ரூபாய் கொடுத்தால் இரண்டு மடங்கு நேரம் எரியும் என்று எதிர்பார்த்தார், அது எப்போதும்போல மூன்று மணி நேரம்தான் எரிந்தது. பிலோமினா தன் கடைசித் தம்பிக்குச் சும்மா கொடுத்த ஒன்று, அவன் உண்டியலில் நாலரை ரூபாய் போடும்வரை எரியவில்லை. வாசலில் இட்லி விற்கும் பெண், தன் இட்லியும் இப்படிக் காசு சரியாக வரும்வரை வேகாமல் கிடந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று பெருமூச்சு விட்டாள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பெருக்குகிறவளைக் கூப்பிட்டு அவளுக்கு மாதம் எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரித்தார்.

மற்ற இருவரும் பணத்தை எண்ணிய அந்த வாரங்களில் சூசையம்மாள் மட்டும் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவாள். டஜனுக்குப் பதினாறு ரூபாய் குறைவாக, நாளைக்கு இருபது டஜனாக, அத்தனை வருஷம். அந்தப் பணம் இருந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று மனம் போகும், போய்க் கொட்டகையின் மூலையில் சேலை சுற்றி நிறுத்தியிருந்த ஒன்றின் அருகில் போய் நின்றுவிடும்.

அது ஆளுயர மெழுகுவர்த்தி. அந்தக் கோயிலுக்கு அப்படி ஒரு நேர்ச்சை உண்டு. பிள்ளைக்கு நோய் என்றால் தாய் ஒரு பருத்தி நூலை எடுத்துப் பிள்ளையை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை அளந்து கொண்டுவருவாள், அந்த அளவுக்கு மெழுகுவர்த்தி வார்க்கவேண்டும், அந்த அளவு நூலே அதற்குத் திரியாக வேண்டும். மூலையில் நின்றது நாலடி இரண்டங்குலம். சூசையம்மாளின் மகள் லீமாவின் அளவு. ஒன்பது வயதில், காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் அளந்தது. மறுநாள் விடியற்காலையில் லீமா இல்லை. பிள்ளையின் அப்பா கொஞ்ச நாள் வீட்டிலிருந்து பார்த்தார், பிறகு திருப்பூருக்குப் போய்விட்டார், மாதம் முதல் வாரம் பணம் அனுப்புகிறார். மூன்று வருஷமாக அந்த மெழுகுவர்த்தியை யாரும் ஏற்றவில்லை, உருக்கவும் இல்லை. கொட்டகை பெருக்கும்போது காளியம்மாள் அதைச் சுற்றிப் பெருக்குவாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் முத்துப்பேச்சி வந்தாள். முப்பது வயதிருக்கும். முந்தானையில் முடிந்திருந்த நூலை அவிழ்த்து நீட்டினாள். அவளுடைய மகள் வள்ளி திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் எட்டு நாளாகக் கிடக்கிறாள், தன் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், இன்று ராத்திரி சப்பரம் கிளம்புமுன் ஏற்றினால் பிள்ளை பிழைத்துவிடும் என்று வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாள். இத்தனையும் அவள் நின்றபடியே சொன்னாள்.

“மெழுகு தீந்துபோச்சே தாயி,” என்றாள் பிலோமினா. “கட்டி வாரதுக்குத் திங்கக்கிழமை ஆயிரும்.”

முத்துப்பேச்சி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் பார்வை நின்றது. “அது?”

 சூசையம்மாள்தான் எழுந்து போய்ச் சேலையை அவிழ்த்தாள். மெழுகு லேசாக மஞ்சள் பாரித்திருந்தது. முத்துப்பேச்சியின் நூலை அதன்மேல் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு விரற்கடைதான் வித்தியாசம், மெழுகுவர்த்தி உயரம்.

“குடுத்துருதியா?” என்று காளியம்மாள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“நின்னுக்கிட்டுத்தான இருக்கு,” என்றாள் சூசையம்மாள். “எரியட்டும்.”

பிலோமினா கணக்குப் போட்டாள். மெழுகு இரண்டேகால் கிலோ, கேஸ், தண்ணீர், வாடகை, அரைநாள் கூலி. நானூற்று நாற்பது. முத்துப்பேச்சி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து எண்ணிப் பலகையில் வைத்தாள். பிலோமினா குச்சியை உரசித் திரிக்குக் கொண்டுபோனாள். பற்றவில்லை. கூலியில் ஏதோ குறைகிறது என்று அறுபது ரூபாய் கேட்டாள். முத்துப்பேச்சி கொடுத்தாள். பற்றவில்லை. இன்னொரு நூறு. பற்றவில்லை. அண்ணாச்சியின் வீம்பு அவளுக்கு வரவில்லை, அழுகையும் வரவில்லை, பஸ் காசுக்கென்று இருந்ததையும் வைத்தாள். பிறகு மூக்குத்தியின் திருகைக் கழற்றத் தொடங்கினாள்.

“அதக் கழத்தாத,” என்றாள் சூசையம்மாள்.

“பின்ன எவ்வளவுதான்க்கா இது?”

“கணக்குல என்னமோ விட்டுப்போச்சு,” என்று பிலோமினா நோட்டை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். “தண்ணி போட்டாச்சு. வாடகை போட்டாச்சு.”

சூசையம்மாள் பலகையிலிருந்த பணத்தை எடுத்து ஒழுங்காக அடுக்கினாள். நோட்டுகளின் தலை ஒரே பக்கம் வருமாறு திருப்பினாள். அடுக்கிக்கொண்டே பேசினாள், யாரையும் பார்க்கவில்லை.

“ஆளுயரத்துக்கு ஒரே மூச்சுல ஊத்தணும். கொஞ்சம் ஊத்தி, அது அமுங்க அமுங்க மேல ஊத்திக்கிட்டே இருக்கணும். நடுவுல விட்டுட்டுப் போனா அந்த எடத்துல ஒட்டாது, தூக்குறப்ப ரெண்டா ஒடஞ்சிரும். பாதி ஊத்தியிருக்கேன், பின்னால வீட்டுக்குள்ளருந்து எம் பிள்ள அம்மான்னு கூப்பிட்டா. இந்தா வாரேன் மக்கான்னேன். நேர்ச்சைக்கு ஊத்துறது, ஒடையக் கூடாதுன்னு நெனச்சேன். திரும்பக் கூப்பிட்டா. முடிஞ்சிருச்சு மக்கா, இந்தா வந்துட்டேன்னேன். இன்னொரு தடவ கூப்பிட்டா. அதுக்கப்புறம் கூப்பிடல. தூங்கிட்டா போலன்னு நெனச்சுக்கிட்டு மிச்சத்தையும் ஊத்தி, மட்டம் பாத்து, கையக் கழுவிட்டுப் போனேன். பேச்சு இல்ல. கண்ணு மட்டும் வாசலப் பாத்துத் தொறந்திருந்துச்சு.”

பிலோமினாவுக்கு அன்றிரவு நினைவிருந்தது. ஆட்டோ பிடித்து ஓடியது நினைவிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பினேன், எழவில்லை என்று சூசையம்மாள் எல்லோரிடமும் சொன்னது நினைவிருந்தது. அவள் நோட்டை மூடினாள்.

“இத எங்க எழுத?” என்றாள் காளியம்மாள்.

கோயில் பக்கம் மேளம் ஒலிபெருக்கியில் கேட்டது. முத்துப்பேச்சி மூக்குத்தித் திருகை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். சூசையம்மாள் அடுக்கிய பணத்தை அவள் கையில் திணித்தாள்.

“உம் பிள்ள இப்ப யாரு கூட இருக்கு?”

“தங்கச்சி கூட.”

“கூப்பிட்டா யாரக் கூப்பிடும்?”

முத்துப்பேச்சி பணத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டாள்.

“போ. அஞ்சு நாப்பதுக்கு பஸ் இருக்கு. போயி பக்கத்துல இரு. கூப்பிட்டா ஒரே கூப்பாட்டுக்கு என்னம்மான்னு கேளு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“அப்ப நேர்ச்சை, அக்கா?”

“அது எங்கயும் போவாது. இங்கயே நிக்கும்.”

“ஏத்தாமப் போனா...”

“ஏத்துறதுக்குத்தான் உன்னப் போகச் சொல்லுதேன்,” என்றாள் சூசையம்மாள். “எனக்கும் சரியாத் தெரியாது தங்கச்சி. வேற விலை எனக்குத் தோணல.”

முத்துப்பேச்சி மூக்குத்தியைத் திருகிப் போட்டுக்கொண்டு, நூலைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். திருவிழாக் கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு எதிராக அவள் ஒருத்தி மட்டும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்ததைக் கொட்டகை வாசலில் நின்று மூவரும் பார்த்தார்கள்.

சப்பரம் வந்தது, போனது, கொடி இறங்கியது. பந்தல் கால்களைப் பிடுங்கினார்கள். சூசையம்மாள் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஒரு குச்சியை உரசி மூலையிலிருந்த திரிக்குக் கொண்டுபோவாள், அது பற்றாது, அவள் குச்சியை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். மற்ற இருவரும் அந்த நேரத்தில் காகிதம் கிழித்துக்கொண்டிருப்பார்கள். பற்றாதது அவளுக்கு ஆறுதலா வேதனையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பதினோராம் நாள், வெயில் ஏறுமுன், முத்துப்பேச்சி வந்தாள். தலைவாரியிருக்கவில்லை. கையில் வேறு பை எதுவும் இல்லாமல் அந்த பிளாஸ்டிக் பை மட்டும் இருந்தது. அதைப் பார்த்தவுடனே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

“வெள்ளிக்கிழமை,” என்றாள். காளியம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.

“கூட இருந்தியா?” என்றாள் சூசையம்மாள்.

“எழுந்திரிக்கவே இல்லக்கா. தண்ணிக்குக் கூப்பிட்டா. ஒண்ணுக்குப் போகக் கூப்பிட்டா. விசிறி நிக்குதான்னு கேக்கக் கூப்பிட்டா. அப்புறம் அப்புறம் ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கூப்பிட்டா. என்னம்மான்னா, ஒண்ணுமில்லம்பா. திரும்பக் கூப்பிடுவா. நர்ஸம்மாவே சிரிச்சுட்டாங்க. கடைசியிலயும் கூப்பிட்டா. என்னம்மான்னேன்.”

 பையிலிருந்து நானூற்று நாற்பது ரூபாயை எடுத்துப் பலகையில் வைத்தாள். சில்லறையாகவும் இருந்தது. பிலோமினா எண்ணாமல் காசுப் பெட்டிக்குள் போட்டாள்.

ஆளுயர மெழுகுவர்த்தியைக் கோயிலுக்குக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். சூசையம்மாள் தலைப்பக்கம் பிடித்தாள், முத்துப்பேச்சி கால்பக்கம் பிடித்தாள். தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல நடுவில் தொய்யாமல், அசையாமல் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். கடையைத் திறந்துகொண்டிருந்த ஞானப்பழம் அண்ணாச்சி படியிலிருந்து இறங்கி நின்று, அவர்கள் தாண்டியபிறகு ஏறினார். கோயிலுக்குள் மணல் தொட்டியில் குழி பறித்து நட்டார்கள். உபதேசியார் நேர்ச்சை நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

“யார் பேருக்கு?”

“வள்ளி,” என்றாள் சூசையம்மாள்.

முத்துப்பேச்சி அவளைப் பார்த்தாள். “உங்க பிள்ள பேரு என்னக்கா?”

சொன்னாள். உபதேசியார் ஒரே வரியில் இரண்டு பெயரையும் நெருக்கி எழுதினார்.

குச்சியை முத்துப்பேச்சிதான் உரசினாள். முதல் குச்சிக்கே பற்றியது. மூன்று வருஷத்துத் தூசு திரிநுனியில் சடசடவென்று பொரிந்து, பிறகு சுடர் நேராக நின்றது. ஒருவரும் கைகூப்பவில்லை. சூசையம்மாள் சுடரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், உதடு மட்டும் அசைய, என்ன மக்கா என்று ஒரு தடவை சொன்னாள். பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பதினோரு பன்னிரண்டு நாள் எரியும் என்றார் உபதேசியார், காற்றில்லாமல் இருந்தால் கூடவும் எரியும்.

முத்துப்பேச்சியின் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. வெயிலில் நிற்பானேன் என்று கொட்டகைக்கே அழைத்துவந்தார்கள். காளியம்மாள் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள், போகும்போது, பதினாறு குடத்துக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கப் போகிறேன், ஊருணிப் பாதையில் முள் அடைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதிக்கொள்கிறேன் என்றாள் பிலோமினா. முந்தின நாள் வார்த்த மெழுகுவர்த்திகள் பாயில் குவிந்து கிடந்தன. சூசையம்மாள் ஒரு பக்கம் உட்கார்ந்து பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணி வைத்தாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி கொஞ்ச நேரத்தில் நகர்ந்து பாய்க்கு வந்தாள். எண்ணி வைத்த ஒரு குவியலை எடுத்து, திரிகளெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, காகிதத்தில் உருட்டிச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கட்டுவதற்கு எதையோ தேடினாள். சூசையம்மாள் எண்ணுவதை நிறுத்தாமல், இடது கையால் சணல் உருண்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.